கண்ணாடியில் முன்பே வரைந்து வைத்த சாகசம்

1989 ஆகஸ்டில் நின்டெண்டோ 'செல்டா' என்ற கையடக்க விளையாட்டை வெளியிட்டது. மேலும் கீழுமாக இரண்டு திரைகள், மடித்து மூடும் உடல், இரண்டு எல்ஆர்44 பட்டன் செல்கள். கீழ்த்திரையின் சுரங்கத்தில் நாயகன் லிங்க் பூதங்களோடு மோதுவான். மேல்திரையில் டிராகன் காத்திருக்கும். எட்டு டிராகன்களை வென்றால் இளவரசி செல்டா மீள்வாள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நின்டெண்டோவின் இன்னொரு கையடக்கக் கருவியான கேம்பாய் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருந்தது. அதன் திரையில் 160 × 144, அதாவது 23,040 புள்ளிகள். எந்தப் படத்தையும் அவற்றால் கோத்துவிடலாம். செல்டாவின் திரையில் அப்படிப்பட்ட புள்ளிகளே கிடையாது. லிங்க் ஓங்கும் வாள், டிராகன் கக்கும் தீ என எல்லாப் படமும் தொழிற்சாலையிலேயே கண்ணாடியில் பொறிக்கப்பட்டவை. விளையாட்டு செய்வது ஒன்றே: எந்தப் படம் எப்போது கருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது.

இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர் தடிமனில் திரவப் படிகம் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒரு கண்ணாடியிலிருந்து மற்றதற்குப் போகும்போது 90 பாகை முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. முன்னும் பின்னும் ஒட்டிய, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் படலங்களுக்கிடையே ஒளி அந்த முறுக்கைப் பின்பற்றித் திரும்பிச் செல்கிறது. அந்த இடம் தெளிவாகத் தெரியும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி தடைபடும், அந்த வடிவம் கருக்கும். வடிவத்தைத் தீர்மானிப்பது கண்ணாடியின் உட்புறத்தில் இண்டியம் டின் ஆக்சைடால் வரைந்த, கண்ணுக்குத் தெரியாத மின்முனை. வண்ணப் பின்னணி தனியாக அச்சிட்டது.

இதனால் ஓவியர் கைகள் கட்டப்படுகின்றன. இரு படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் போகும் இணைப்புக் கோட்டுக்கும் இடம் விட வேண்டும். எனவே ஒரே உடலுக்குப் பல கைகளை வரைந்து வைப்பார்கள். உடல் கருத்தபடியே இருக்க, கை மட்டும் மாறி மாறித் தெரிந்தால் வாள் வீசுவதாகக் கண் நம்பிவிடும். எட்டு சுரங்கங்களுக்கும் அதே கண்ணாடிதான். இவ்வளவு சிறிய படத்தொகுப்பிலிருந்து ஒரு பயண உணர்வை எழுப்பியது, இந்த வகையில் நின்டெண்டோ செய்த மிகச் சிறந்த வேலை என்பேன்.

இயக்குவது ஷார்ப் நிறுவனத்தின் எஸ்எம்510 குடும்பத்து நான்கு-பிட் சிப். அடிப்படை எஸ்எம்510-இல் தற்காலிக நினைவகம் 128 நான்கு-பிட் இடங்கள், கூட்டினால் 64 பைட். 32,768 ஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகம் அதிலுள்ள கடிகாரத்தையும் விளையாட்டையும் சேர்த்தே ஓட்டுகிறது. படத்துக்கு ஒரு கம்பி என்று இழுத்தால் சிப்பில் கால்கள் போதாது. ஆகவே அடிப்படை எஸ்எம்510-இல் 4 பொதுத் தடங்கள், 32 படத்தடங்கள் என்று பின்னி, இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு படமாக, 36 தடங்களால் 128 படங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அணைந்திருக்க வேண்டிய படத்துக்கும் கொஞ்சம் மின்னழுத்தம் போய்ச் சேரும். 3 வோல்ட்டில் நான்கு தட முறையைக் கணக்கிட்டால், கருக்கும் படத்துக்குச் சராசரி விளைவாக 1.73 வோல்ட், அணைந்த படத்துக்கு 1 வோல்ட். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் திரவப் படிகம் விழித்துக்கொள்ள வேண்டும். செல் சோர்ந்து மொத்தம் 2.6 வோல்ட்டுக்கு இறங்கினால் 1.73 என்பது 1.5 ஆகிவிடும், படம் மங்கும். எல்ஆர்44-இன் அழுத்தம் படிப்படியாகச் சரியும். அதே அளவுள்ள எஸ்ஆர்44 வெள்ளி ஆக்சைடு செல் கடைசிவரை 1.55 வோல்ட் அருகிலேயே நிற்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே போடுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் தெளிவாகும் என்று வெளி மின்சாரம் கொடுக்க வேண்டாம். 4 வோல்ட்டில் அணைந்த படங்களுக்கும் 1.33 வோல்ட் போய், எல்லாம் நிழலாக எழும்பும்.

பழுது கண்டுபிடிக்கவும் இந்தப் பின்னல் உதவும். 'ஏசிஎல்' என்ற மீட்டமைப்புப் பொத்தானைக் கூர்முனையால் அழுத்தினால் எல்லாப் படங்களும் ஒருசேரத் தெரியும். அப்போது அருகருகே மூன்று நான்கு படங்கள் மட்டும் இல்லையென்றால் ஒரு படத்தடம் அறுந்திருக்கிறது. ஒரு திரை முழுக்க ஆங்காங்கே கால்வாசிப் படங்கள் காணவில்லையென்றால் பொதுத் தடம். மேல்திரை மட்டும் தொல்லை கொடுத்தால் முதலில் கீல் வழியே போகும் ரிப்பன் கேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது வளைகிறது.

பெரும்பாலும் குற்றவாளி, கண்ணாடியையும் மின்சுற்றுப் பலகையையும் இணைக்கும் வரிக்குதிரை ரப்பர். கார்பன் பட்டையும் சிலிக்கோன் பட்டையும் மாறி மாறி அடுக்கிய துண்டு அது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ரப்பரையும் கண்ணாடி விளிம்பையும் மெதுவாகத் துடைத்தால் போதும். பிளேடால் சுரண்டினால் மின்முனையே போய்விடும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அழுத்தம் ஒருபக்கம் சாய்ந்தால் பழைய கோளாறே திரும்பும்.

செல் கசிந்து பச்சை, வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் வேலை. காரம் என்பதால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டு நடுநிலையாக்கி, பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

திரை பழுப்பேறி, பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் போலரைசரின் அசிடேட் படலம் சிதைகிறது. வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். மூலையிலிருந்து தாழ்வான கோணத்தில் மெதுவாக உரிக்கலாம். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும். மிஞ்சிய பசையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுங்கள். புதுப் படலத்தை வெட்டும் முன், ஓடிக்கொண்டிருக்கும் திரைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பின்னணி வெளுத்து, படம் மிகக் கருப்பாகத் தெரியும் கோணத்தைக் குறித்துக்கொண்டு அதன்படி வெட்டுங்கள். 90 பாகை தவறினால் கருப்புப் பின்னணியில் வெளுத்த லிங்க் வருவான். கண்ணாடி விரிசல் விட்டு திரவம் கசிந்த கருந்திட்டுக்கு மட்டும் மருந்தில்லை. வேறொரு செல்டாவிலிருந்து கண்ணாடியை எடுத்து மாற்ற வேண்டியதுதான்.