கொட்டைக்கரந்தை: பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், தண்டைத் தடவிப் பாருங்கள்

மழைக்காலம் ஓய்ந்து தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஏரி உள்வாய், வாய்க்கால் ஓரப் புல்தரை, அறுவடை முடிந்த நெல்வயல் ஆகிய இடங்களில் ஊதா உருண்டைகளோடு தலைகாட்டும் செடி கொட்டைக்கரந்தை. தாவரவியலில் ஸ்பெராந்தஸ் இண்டிகஸ், சூரியகாந்திக் குடும்பம். நம் மண்ணில் இயல்பாக வளரும் ஒருபருவச் செடி. விதையில் முளைத்து, பூத்து, காய்ந்து அதே ஆண்டில் முடிந்துவிடும். பிடுங்கினால் வேரில் கிழங்கோ பழைய கட்டையோ இருக்காது.

அடையாளம் காண்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த உருண்டையை மட்டும் பார்ப்பதால் வருபவை. உருண்டைப் பூ வாடாமல்லிக்கும் உண்டு, தொட்டாற்சிணுங்கிக்கும் உண்டு. முதலில் தண்டைப் பாருங்கள். காம்பில்லாத இலையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டிக் கீழிறங்கி, பச்சைச் சிறகுபோல நீளவாக்கில் ஓடும். அந்தச் சிறகின் விளிம்பு ரம்பம்போல் பல்பல்லாக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். வாடாமல்லியில் இந்தச் சிறகு இல்லை, இலைகளும் எதிரெதிராக அமைந்திருக்கும், கரந்தையில் மாற்றடுக்கு, அதாவது ஒரு கணுவுக்கு ஓர் இலையாக மாறிமாறி இருக்கும். தொட்டாற்சிணுங்கியை முள்ளும், பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையும் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான குழப்பம் நெருங்கிய உறவினரான ஸ்பெராந்தஸ் ஆப்பிரிக்கானஸோடுதான். அதிலும் சிறகு உண்டு, ஆனால் விளிம்பில் பல் இல்லை. விஷ்ணுகரந்தையோ பெயரில் மட்டும்தான் கரந்தை. தரையோடு படர்ந்து சிறு நீலப் பூ பூக்கும் அது வேறு குடும்பம்.

அடுத்தது வாசனை. இலையிலும் தண்டிலும் சுரப்பு மயிர்கள் இருப்பதால் கசக்கினால் காரமான மணம் வரும், கை பிசுபிசுக்கும். முகர்ந்தால் போதும், வாயில் வைக்க வேண்டாம். வயலில் என்ன தெளித்திருக்கிறார்கள் என்பது செடியைப் பார்த்துத் தெரியாது.

பூவுருண்டை கிளை நுனியில் ஒற்றையாக, சுமார் 1 செ.மீ. அகலத்தில் இருக்கும். அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரே பூ அல்ல. பல சிறு பூங்கொத்துகள் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம்.

படம் எடுத்துக் கேட்பவர்கள் பூவை மட்டும் அனுப்பினால் உறுதியாகச் சொல்ல இயலாது. முழுச்செடி, பூ, இலை தண்டில் சேரும் இடம், அளவுகோல் வைத்த தண்டின் அண்மைக் காட்சி என நான்கு படம் தேவை. செடி பழுப்பாகக் காய்ந்துவிட்டாலும் தயங்க வேண்டாம். பூவின் நிறம் போய்விடும். சிறகின் பற்கள் சுருண்ட நிலையிலும் தெரியும், தண்ணீரில் சற்று ஊறவைத்தால் விரிந்துகொடுக்கும்.