பைபேக் நல்ல சேதியா? விலையைப் பாருங்கள்

கம்பெனியின் கையில் தொழிலுக்குத் தேவைப்படாத பணம் சேர்ந்தால், அதைப் பங்குதாரர்களிடம் சேர்க்க இரண்டு வழி உண்டு. டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். அல்லது அந்தப் பணத்தில் தன் பங்குகளையே வாங்கி அழித்துவிடலாம். இரண்டாவது வழியான பைபேக் இந்தியாவில் 1998-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தாலே டிவியில் கொண்டாடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மதுரை கீழமாசி வீதியில் பத்துப் பேர் சமபங்கு போட்டு நடத்தும் வத்தல் மண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சரக்கு, வரவேண்டிய பாக்கி, கடைப் பெயர், கல்லாவில் சும்மா கிடக்கும் 10 லட்சம் எல்லாம் சேர்த்து மதிப்பு 1 கோடி. ஆளுக்கு 10 லட்சம்.

கல்லாப் பணத்தைப் பிரித்தால் ஆளுக்கு 1 லட்சம் கைக்கு வரும், பங்கின் மதிப்பு 9 லட்சமாக இறங்கும். கூட்டினால் அதே 10. சந்தையிலும் டிவிடெண்ட் கழியும் நாளில் விலை ஏறக்குறைய அந்த அளவு இறங்குவது இதனால்தான். பிரிக்காமல், விலக நினைக்கும் ஒருவருக்கு 10 லட்சம் கொடுத்துக் கணக்கு முடித்தால்? 90 லட்சத்துக்கு 9 பேர். பங்கு அதே 10 லட்சம். இதுவரை இரண்டும் ஒன்றுதான்.

கல்யாணச் செலவு, அவசரம் என்று இரண்டு பேர் ஆளுக்கு 5 லட்சத்துக்கே விலகுகிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் 8 பேர், ஆளுக்கு 11.25 லட்சம். மாறாக ஒருவர் முறுக்கிக்கொண்டு பாதிப் பங்குக்கே 10 லட்சம் வாங்கிப் போனால், மீதி ஒன்பதரைப் பங்கில் ஒவ்வொன்றும் சுமார் 9.47 லட்சம். மண்டியில் ஒரு மூட்டைகூடக் கூடுதலாக விற்கவில்லை. ஆனால் பணம் கை மாறிவிட்டது.

ஆக, பங்கு மலிவாக இருக்கும்போது வாங்கினால் தங்குபவருக்கு லாபம். விலை ஏறிக் கிடக்கும்போது வாங்கினால் போகிறவருக்கு லாபம். கம்பெனிகளோ கையில் காசு புரளும்போதுதான் வாங்கும். அப்போது பெரும்பாலும் விலையும் உச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் 2007-இல் பைபேக் குவிந்தது. பங்குகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த 2009-இல் வற்றிப்போனது.

இந்தியாவில் டெண்டர் முறையில், அதாவது கம்பெனி ஒரு விலையை அறிவித்து, விற்க விரும்புகிறவர்களை விண்ணப்பிக்கச் சொல்லும் முறையில், பெரும்பாலும் சந்தையைவிடக் கூடுதல் விலை தருகிறார்கள். 2025-இல் இன்ஃபோசிஸ் 18,000 கோடி ரூபாய்க்கு அறிவித்த பைபேக்கில் பங்குக்கு 1,800 ரூபாய். அப்போதைய சந்தை விலையைவிடக் கிட்டத்தட்ட 19 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல், தங்குபவர்கள் பையிலிருந்து போவது. ஆனால் ரெக்கார்ட் தேதியில், அதாவது யாரிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று கம்பெனி கணக்கெடுக்கும் நாளில், 2 லட்சம் ரூபாய் வரை பங்கு வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கவேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதனால் சின்னக் கணக்குக்காரர் விண்ணப்பித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

வரியில்தான் நிஜமான வித்தியாசம். டிவிடெண்ட் 2020 ஏப்ரலிலிருந்து உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதத்தில் கழியும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. பைபேக்கில் விற்காமல் இருப்பவருக்கு அந்த ஆண்டு வரியே இல்லை, வளர்ச்சி உள்ளேயே குட்டிபோடும். விற்பவருக்கான விதி 2019, 2024 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தந்த வருஷத்து விதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தல்லாகுளத்தில் டிவிடெண்டை நம்பி மருந்துச் செலவு பார்க்கும் ஓய்வூதியருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், டிவிடெண்டே சரி. இருபது வருஷம் காத்திருக்க முடிந்தவர் ஆண்டறிக்கையில் மொத்தப் பங்கு எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். ஒரு கையால் பைபேக், மறு கையால் ஊழியர்களுக்குப் புதுப் பங்கு என்று சில கம்பெனிகள் நடத்தும். ஐந்து வருஷமாகியும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், செலவழித்த கோடிகள் உங்கள் பங்கைப் பெரிதாக்கவே இல்லை.