கேன்யன்னா வெறும் பள்ளத்தாக்கா?

கேன்யன்ங்கற சொல் ஸ்பானிஷ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போனது. ஸ்பானிஷ்ல 'கான்யோன்'னா குழாய், அதுக்கு அடி 'கான்யா', அதாவது நாணல். லத்தீன்ல 'கன்னா'. பீரங்கியைச் சொல்ற கேனன், பிரம்பைச் சொல்ற கேன் எல்லாம் இதே குடும்பந்தான். நாணல் தண்டு மாதிரி ரெண்டு பக்கமும் சுவர், நடுவுல தண்ணி ஓடுற வழி.

நாம பொதுவா பள்ளத்தாக்குன்னு எழுதிடறோம், எனக்கு அது பத்தல. பள்ளத்தாக்குன்னதும் ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கற எடம்தான் கண்ணுல வருது. ஆனா டெக்சாஸ் வடக்குல இருக்கற பாலோ டூரோ கேன்யனை எடுத்துக்கோங்க, அங்க சுத்தி மலையே கிடையாது, காய்ஞ்ச புல்வெளி, கண்ணுக்கெட்டின வரைக்கும் தட்டை, போயிட்டே இருக்கறப்ப திடீர்னு காலடியில நிலம் பிளந்து கிட்டத்தட்ட 800 அடிக்கு எறங்கும். ரெட் ஆத்தோட ஒரு கிளை அறுத்தறுத்து உண்டாக்கினது, நீளம் சுமார் 190 கிலோமீட்டர், அடியில தெரியற செம்பாறைக்கு வயசு ஏறக்குறைய 25 கோடி வருஷம். 'பாலோ டூரோ'ன்னா கெட்டி மரம், நம்ம பேச்சுல வைரம் பாய்ஞ்ச மரம், அங்க வளர்ற ஜூனிபரை வச்சு வந்த பேர்.

அந்தக் காலத்துல கொமாஞ்சி, கயோவா, செயென்ங்கற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் குளிருக்கு அதுக்குள்ளதான் ஒதுங்குவாங்க, காத்து அடிக்காது, தண்ணி, விறகு, குதிரைக்குப் புல் எல்லாம் உண்டு, தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு எதுவும் தெரியாது. 1874 செப்டம்பர் 28 விடியக்காலைல அமெரிக்க ராணுவத்து கர்னல் ரானல்ட் மெக்கென்சியோட படை ஒத்தையடிப் பாதையில எறங்கிடுச்சு. மனுஷங்க பெரும்பாலும் தப்பிச்சுட்டாங்க, ஆனா கூடாரம், குளிர்காலத்துக்குச் சேத்த சாப்பாடு எல்லாத்தையும் எரிச்சு, புடிச்ச குதிரைகள்ல ஆயிரத்துக்கு மேல சுட்டே கொன்னாங்க. குதிரை இல்லாம அந்தச் சமவெளில எப்படிப் பொழைக்கறது? படிக்கறப்பல்லாம் மனசு கனத்துப்போகுது.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? மலையிடுக்குன்னு சிலர் எழுதறாங்க, அதுலயும் மலை வந்து ஒட்டிக்குது. பழைய தமிழ்ல 'விடர்'னு ஒண்ணு இருக்கு, நிலத்துலயோ மலையிலயோ விழுந்த பிளப்பு. குறுந்தொகை 218ஆம் பாட்டு 'விடர்முகை அடுக்கத்து'ன்னுதான் ஆரம்பிக்கும். தனியா எழுதினா காமுகர்ங்கற வேற அர்த்தமும் குறுக்க வரும், அதனால 'ஆற்றுவிடர்'னு சேத்து எழுதலாம், ஆறு அறுத்த பிளவுன்னு அந்தச் சொல்லுலயே வந்துடுது.