மாலை கழற்றிய அன்று சாயங்காலம்

"மாலை போட்டிருந்த ஒரு மண்டலமும் அப்பா சொட்டுகூடத் தொடவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே குடித்துவிட்டு வந்தார். அத்தனை நாள் இருந்த வைராக்கியம் ஒரே நாளில் எங்கே போகும்?" தேனிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்.

நம் ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "சாமி மேல் பயம், அதான் குடிக்கவில்லை." இன்னொன்று, "அவருக்கு மனசில் உறுதி இல்லை." இரண்டாவது பதில்தான் எனக்கு எரிச்சலூட்டும். உறுதியே இல்லாதவரால் கார்த்திகை மாதக் குளிரில் விடியற்காலை எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியுமா?

வேறொரு இடத்திலிருந்து தொடங்குவோம். பாவ்லோவின் நாய்கள் பள்ளியில் படித்ததுதான். மணி அடித்து உணவு கொடுத்தார்கள். பிறகு மணி கேட்டாலே எச்சில் ஊறியது. உணவில்லாமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து நடந்ததையும் பாவ்லோவே கவனித்து எழுதினார். நாயைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு மறுபடி மணியடித்தால், போன எச்சில் திரும்பி வந்தது. அப்படியானால் பழைய பாடம் அழியவில்லை. அதன் மேல் இன்னொரு பாடம் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டாம் பாடத்தைப் பல ஆண்டுகள் துருவியவர் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் பூட்டன். அவர் கையாண்ட சோதனை முறை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பெட்டிகள். வாசனை வேறு, சுவர் வேறு, தரை வேறு. முதல் பெட்டியில் எலி ஒரு பாடம் படிக்கிறது: ஒலி கேட்டால் ஷாக் அடிக்கும். அதை இரண்டாம் பெட்டிக்கு மாற்றி, ஷாக் இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறார்கள். பயம் தெளிந்துவிடுகிறது. "குணமாகிவிட்டது" என்று எழுதி அனுப்பிவிடலாம் போலிருக்கும். அப்புறம் அதே எலியை முதல் பெட்டிக்குள் விட்டு ஒலியெழுப்பினால், பயம் திரும்பிவிடுகிறது.

இதில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. முதலில் படித்த பாடம் எந்தப் பெட்டிக்குப் போனாலும் கூடவே வருகிறது. "இனி இல்லை" என்ற இரண்டாம் பாடமோ, அதைப் படித்த பெட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. மூளையைக் குறை சொல்ல முடியாது. ஒரு இடத்தில் பாம்பைப் பார்த்தவன் எல்லா இடத்திலும் ஜாக்கிரதையாக இருப்பதுதான் பிழைக்கும் வழி. "இங்கே பாம்பு இல்லை" என்பது அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பொருந்தும் செய்தி. எந்த இடத்தில் எந்தப் பாடம் செல்லும் என்று தீர்மானிப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய தூண்டுதலை அடக்குவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையின் வேலை.

பயத்துக்குப் பதிலாகப் போதைப்பொருளை வைத்தும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். விசையை அழுத்தினால் போதைப்பொருள் என்று ஒரு பெட்டியில் பழகிய எலி, வேறு பெட்டியில் அழுத்தி அழுத்திப் பார்த்து எதுவும் வராமல் விட்டுவிடுகிறது. பழைய பெட்டிக்குத் திரும்பியதும் மறுபடி அழுத்தத் தொடங்குகிறது.

இப்போது மாலையைப் பாருங்கள். கறுப்பு வேட்டி, வெறுங்கால், சின்னப் பையன்கூட "சாமி" என்று கூப்பிடுவது, சாயங்காலம் பஜனை, புதிய கூட்டாளிகள். ஒரு மனிதருக்கு இதைவிட முழுமையான இரண்டாம் பெட்டியை எந்த ஆய்வகமும் கட்டித் தராது. அங்கே அவர் படித்த பாடம் உண்மையானதுதான், நடிப்பில்லை. ஆனால் மாலையைக் கழற்றியதும் அவர் முதல் பெட்டிக்குள் நிற்கிறார். அதே சட்டை, அதே நண்பர்கள், ஆறு மணி, டாஸ்மாக் இருக்கும் அதே தெரு. மறுவாழ்வு மையத்திலிருந்து தெளிந்து வருபவர் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தடுமாறுவதும் பெரும்பாலும் இதே கதைதான்.

"நாளாக நாளாக ஆசை குறைந்துவிடும்" என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். 2001-இல் வெளியான ஒரு ஆய்வில், கொக்கைனுக்குப் பழகிய எலிகளை அதிலிருந்து பிரித்துவைத்து, பழைய அடையாளங்களை மட்டும் காட்டினார்கள். முதல் நாளைவிட 60-ஆம் நாளில் அவை விசையை அதிகமாக அழுத்தின.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வியட்நாம் போரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப் பேட்டி கண்டார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீத அளவில்தான். முதல் பெட்டி கடலுக்கு அப்பால் போய்விட்டது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் ஹெராயின் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவுமில்லை.

சரி, எல்லோரும் ஊரை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியாது. பூட்டனின் எலிகளிடம் இதற்கும் ஒரு வழி கிடைத்தது. இரண்டாம் பெட்டியில் பயன்படுத்திய ஓர் அடையாளத்தை, வேறிடத்திலும் எலி முன் வைத்தால் திரும்பிவரும் பயம் குறைகிறது. இரண்டாம் பாடத்தைப் பையில் போட்டு எடுத்துப் போவது மாதிரி. பீர் குடிக்கும் பழக்கமுள்ள மனிதர்களிடம் 2002-இல் இதைச் சோதித்தார்கள். ஓர் அறையில் பீரைக் காட்டிக் காட்டி ஆசையைத் தணித்தபின் வேறு அறைக்கு மாற்றினால் எச்சிலும் ஆசையும் திரும்பின. ஆசையைத் தணித்த அறையில் இருந்த சிறு பொருட்களைக் கூடவே கொண்டுவந்தபோது அது குறைந்தது.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில் குடிக்காத மாதங்களுக்கு ஒரு நாணயம் கொடுப்பார்கள், சட்டைப் பையில் வைத்துக்கொள்ள. அதன் வேலையில் ஒரு பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. குடியை நிறுத்த மந்திரித்துக் கயிறு கட்டும் சாமியார்களை நான் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். சாமியார் மேல் இன்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. கயிறு மேல் கொஞ்சம் வந்திருக்கிறது. ஆனால் "அவருக்கே தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியை மன்னிக்க மாட்டேன். அதில் டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து) கலந்திருந்து, தெரியாமல் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இனி, குடிக்காமலிருக்க வேண்டிய உந்துதல் விஷயத்துக்கு வருவோம். "குடிக்காமலிருந்தால் பத்து வருடம் கழித்து ஈரல் நன்றாக இருக்கும்" என்ற பரிசு உண்மைதான், ஆனால் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. குவார்ட்டர் பக்கத்தில் இருக்கிறது. நான்ஸி பெட்ரி என்ற உளவியலாளர் பரிசையும் பக்கத்தில் கொண்டுவந்தார். மூச்சுச் சோதனையில் தேறினால் ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, அல்லது ஒரு டாலர் பொருள். அபூர்வமாக 20 டாலர். ஒரே ஒரு சீட்டில் 100 டாலர். நம் ஊர்த் திருவிழாக் குலுக்கல்தான்! 2000-இல் வெளியான அவரது ஆய்வில் 42 பேர். எட்டு வாரம் சிகிச்சையில் நீடித்தவர்கள் சீட்டு எடுத்த குழுவில் 84 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 22 சதவீதம்.

"குடிக்காமலிருக்க லஞ்சமா?" என்று கேட்பார்கள். மது விற்பனையில் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்க்கும் ஓர் அரசு, அதில் ஒரு துளியை இப்படியொரு கிண்ணத்துக்கு ஒதுக்கி, மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையிலாவது சோதித்துப் பார்ப்பதில் என்ன குடிமுழுகிவிடும்?

அந்த மாணவிக்கு: அப்பா தினமும் நிறையக் குடிப்பவரானால், அடுத்த முறை மாலை போடுமுன் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம். 14446 என்ற கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். அவரைக் காவல் காப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் அவரே கேட்டால் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. மாலையைக் கழற்றும்போது அதிலிருந்து ஒரு மணியை எடுத்து வண்டிச் சாவியில் கோத்துக்கொள்ளட்டும். அப்புறம், பஜனைக் கூட்டாளிகளில் யாராவது ஒருவருடன் சாயங்காலம் ஆறு மணிக்கு டீ குடிக்கப் போகட்டும், கடைத்தெரு இல்லாத பக்கமாக.