தட்டினால் விரல் வரை சுர்ரென்று ஓடும் கட்டி

கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டால், ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதைத் தட்டும்போது விரல் நுனி வரை ஷாக் அடித்த மாதிரி சுர்ரென்று ஓடினால், நரம்பில் வளர்ந்த கட்டியாக இருக்கலாம். கொழுப்புக் கட்டி என்று நினைத்து வெட்டியெடுக்கப் போனால், நரம்பும் சேர்ந்து அறுபடும் ஆபத்து உண்டு. அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்பே அது என்ன கட்டி என்று தெரிந்தாக வேண்டும்.

இதில் மருத்துவரின் விரல்களே பாதி வேலையை முடித்துவிடும். நரம்பு கையின் நீளவாக்கில் ஓடுவதால், அதில் வளர்ந்த கட்டி குறுக்கே நகரும், நெடுக்கே அவ்வளவாக நகராது. தட்டும்போது கூச்சம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். சுண்டு விரலுக்குப் போனால் அல்னார் நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம் போனால் மீடியன் நரம்பு. தட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு, 1915இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெலின் பெயர்தான் வழங்குகிறது.

அப்புறம் ஸ்கேன். கட்டியின் ஒரு முனையில் நரம்பு நுழைந்து மறுமுனையில் வெளியேறுவது அல்ட்ராசவுண்டிலேயே தெரியக்கூடும். கட்டியின் ஆழத்தையும் அக்கம்பக்கத்தையும் எம்ஆர்ஐ இன்னும் தெளிவாகக் காட்டும். படம் தெளிவாக இருந்தால், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். அது கடுமையாக வலிக்கும், நல்ல நரம்பிழைகளையும் காயப்படுத்தலாம்.

புற்றுநோய் அல்லாத இந்தக் கட்டிகளில் இரண்டு வகை முக்கியமானவை. நரம்பிழைகளுக்கு உறை போடும் ஷ்வான் செல்களிலிருந்து வளர்வது ஷ்வானோமா. அது தனக்கென ஓர் உறையோடு, நரம்பின் ஒரு பக்கமாக வளரும். நல்ல இழைக் கற்றைகள் அதன் மேல் பரவிக் கிடக்கும். நியூரோஃபைப்ரோமா அப்படியில்லை. இழைகளுக்குள்ளேயே கலந்து வளர்வதால் பிரித்தெடுப்பது கடினம்.

தொந்தரவு தராத கட்டியை உடனே எடுக்க வேண்டியதில்லை. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். வேகமாக வளர்ந்தாலோ, சும்மா இருக்கும்போதும் வலித்தாலோ, கை பலம் குறைந்தாலோ தாமதிக்கக் கூடாது. புற்றுநோயாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உடலில் பல நியூரோஃபைப்ரோமாக்கள் வளரும், பரம்பரையாக வரக்கூடிய நியூரோஃபைப்ரோமாடோசிஸ் முதல் வகை நோய் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை.

ஷ்வானோமா அறுவை சிகிச்சை நுட்பமான வேலை. நரம்பின் நீளவாக்கில் தோலைத் திறந்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி கட்டியின் மேற்பரப்பில் சிறு மின்தூண்டல் கொடுப்பார்கள். தசை துடித்தால் அங்கே உயிருள்ள இழை ஓடுகிறது, தொடக் கூடாது. துடிக்காத இடத்தில் உறையை நெடுக்காகக் கீறி, உள்ளே இருக்கும் கட்டியை மெல்ல உரித்து வெளியே எடுப்பார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே செயலிழந்த ஒரே ஒரு கற்றை மட்டும் கட்டிக்குள் போயிருக்கும். அதை வெட்டுவதால் பெரிதாக நஷ்டமில்லை. நியூரோஃபைப்ரோமாவில் முக்கியமான இழைகளையே வெட்ட நேர்ந்தால், காலிலிருந்து நரம்புத் துண்டு எடுத்து ஒட்டுவதும் உண்டு.

சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மரத்துப்போன உணர்வு கொஞ்ச நாள் இருக்கும். பெரும்பாலும் மெல்லச் சரியாகிவிடும். எடுத்த கட்டியை ஆய்வகத்தில் பரிசோதித்துத்தான் வகையை உறுதிசெய்வார்கள். அந்த அறிக்கையை மறக்காமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.