ஒரு டாங்கிளும் தலைக்கு மேல் போகும் விமானமும்

தலைக்கு மேல் போகும் விமானம், தான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில் பறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் போகிறது. நொடிக்குச் சுமார் இரண்டு முறை தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது. மறையாக்கம் எதுவும் கிடையாது. அதைக் கேட்கக் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள், ஏழு சென்டிமீட்டர் கம்பி, ஒரு கணினி போதும்.

அந்த டாங்கிள் டிவி பார்க்கச் செய்யப்பட்டது. அதிலுள்ள ஆர்டிஎல்2832யு என்ற சிப், எஃப்எம் கேட்கும்போது வேலையைத் தானே செய்யாமல், பதப்படுத்தாத எண்களைக் கணினிக்குத் தள்ளிவிடுகிறது என்பதை 2012இல் அன்டி பாலோசாரி என்ற நிரலாளர் கவனித்தார். ஆஸ்மோகாம் என்ற திறந்த மென்பொருள் குழுவினர் அதைக் கணினியிலிருந்து இயக்க ஒரு டிரைவர் நிரல் எழுதினார்கள். டிவி டாங்கிள் எதையும் கேட்கும் ரேடியோ ஆனது அப்படித்தான்.

சாதாரண ரேடியோவில் அலையைப் பிரிப்பது, வடிகட்டுவது, குரலை எடுப்பது எல்லாமே சர்க்யூட்டின் வேலை. இங்கே டியூனர் அலையைக் கீழ் அதிர்வெண்ணுக்கு இறக்கி, சிப் அதை எண்ணாக்குவதோடு சரி. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள், அதாவது அலையை அந்தந்தக் கணத்தில் அளந்த அளவுகள், கணினிக்குள் கொட்டுகின்றன. மிச்சம் எல்லாம் கணக்கு.

ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு எண்கள் இருக்கும்: ஐ, க்யூ. ஏன் இரண்டு? சுற்றும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி பாதி உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அது வலப்பக்கம் இருக்கிறதா இடப்பக்கம் இருக்கிறதா என்று தெரியாது. உயரத்தோடு பக்கவாட்டு இடத்தையும் சொன்னால்தான் வட்டத்தில் அதன் இடம் உறுதியாகும்; ராட்டினம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் அடுத்தடுத்த மாதிரிகளில் தெரிந்துவிடும். ஏஎம் ஒலிபரப்பில் ராட்டினத்தின் ஆரம் கூடிக் குறைகிறது. எஃப்எம்மில் சுற்றும் வேகம் கூடிக் குறைகிறது. அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையே கோணம் எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டுக்கொண்டே போனால், அந்த எண் வரிசைதான் பாடல். இதை முதன்முதலில் பத்து வரி நிரலாக எழுதி ஓடவிட்டு, ஸ்பீக்கரில் குரல் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விமானச் செய்தி இன்னும் எளிது. அதில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. முதலில் அரை மைக்ரோ நொடி நீளமுள்ள நான்கு துடிப்புகள், குறிப்பிட்ட இடைவெளியில், 'இதோ வருகிறேன்' என்பதுபோல். அப்புறம் 112 பிட், ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ நொடி. முன்பாதியில் துடிப்பு இருந்தால் 1, பின்பாதியில் இருந்தால் 0. கடைசி 24 பிட் சரிபார்ப்புக்கு. கணக்கு ஒத்துவராத செய்தியை நிரல் தூக்கிப்போட்டுவிடும்.

இருப்பிடத்தை அனுப்பும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அட்சரேகைக்குக் கிடைப்பது 17 பிட்தான். பூமியின் முழுச் சுற்றளவை அதில் அடைத்தால் ஒரு படி 300 மீட்டர் ஆகிவிடும். விமானத்துக்கு அது உதவாது. அதனால் சுற்றளவை 60 துண்டுகளாக்கி, துண்டுக்குள் எங்கே என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். துல்லியம் சுமார் 5 மீட்டராகிறது. ஆனால் எந்தத் துண்டு? அதைச் சொல்லவே மாட்டார்கள். அடுத்த செய்தியில் அதே சுற்றளவை 59 துண்டுகளாக்கி அனுப்புவார்கள். 60 கோடும் 59 கோடும் போட்ட இரண்டு அளவுகோல்களை ஒட்டிவைத்தால், பூஜ்யத்தில் ஒத்துப்போகும் கோடுகள் போகப்போக விலகும் அல்லவா? எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே எந்தத் துண்டு என்பதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு அரைகுறைச் செய்திகள் சேர்ந்து ஒரு முழு முகவரி!

ஏழு சென்டிமீட்டர் கம்பி ஏன் என்றால், 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 27.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு அது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் அலை, தடையில்லாத இடத்தில் 400 கிலோமீட்டர் தொலைவு வரை எட்டும். ஆகவே காசு செலவழிப்பதைவிடக் கம்பியை உயரமான இடத்தில் வைப்பதே பலன் தரும். இன்னொன்று: கெயினை, அதாவது வரும் அலையைப் பெருக்கும் அளவை, முழுசாக ஏற்றிவிடாதீர்கள். அலையின் வலுவை அளக்க டாங்கிள் அறிந்தது 256 நிலைகள்தான். பக்கத்து எஃப்எம் கோபுரமே அவற்றை நிரப்பிவிட்டால், மெல்லிய குரல்கள் மூழ்கிப்போகும். நான் கெயினை இரண்டு படி குறைத்த பிறகுதான் திரையில் விமானங்கள் அதிகமாயின.

எதைக் கேட்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு; தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் பழகிய பிறகு 137 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள்கள் அங்கே படம் அனுப்புகின்றன. செயற்கைக்கோள் அடிவானத்தில் எழும்போது அலையின் அதிர்வெண் சற்று மேலே இருக்கும், உச்சியைக் கடந்ததும் கீழே இறங்கும். நெருங்கும்போது கூடி, விலகும்போது குறையும் இந்த டாப்ளர் விளைவு திரையில் வளைந்த கோடாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துச் சாளரத்தில் மேகங்கள் பட்டை பட்டையாக விழத் தொடங்கும்.