கார உலோகம்: மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம். தனிம வரிசை அட்டவணையின் முதல் தொகுதியில் இருக்கும் இந்த ஆறுக்கும் கார உலோகங்கள் என்று பெயர். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மெத்து. சரி, இதில் காரம் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் ‘ஆல்கலி’ என்பார்கள். அது அரபுச் சொல். ‘அல்’ என்பது அங்கே பெயருக்கு முன்னால் ஒட்டும் சுட்டு. ‘கலி’ என்றால் உவர்நிலச் செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பல். வறுத்தல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் அந்தச் சாம்பல்தான் மூலப்பொருள். பொட்டாசியத்தின் பெயரும் சாம்பலில் பிறந்ததே: ‘பொட்டாஷ்’ என்பது பானைச் சாம்பல். அதன் குறியீடான ‘கே’, காலியம் என்ற லத்தீன் பெயரின் முதலெழுத்து. அங்கேயும் அதே கலிதான்.

தமிழில் ‘காரம்’ என்பதை வடமொழி ‘க்ஷார’த்தோடு சேர்த்துக் காட்டும் அகராதி. உறைப்பு என்ற பொருள் இன்று முந்திக்கொண்டாலும், சாம்பல் உப்பு என்ற பழைய பொருள் மறைந்துவிடவில்லை. அப்பளக்காரம், வெங்காரம், இலங்கையில் சோப்புக்குச் சொல்லும் சவர்க்காரம் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. (படிகாரம் மட்டும் ஏமாற்றும். நீரில் கரைத்தால் அது அமிலத்தன்மை காட்டும்.) உண்மையான காரம் உறைக்காது. கசக்கும், தொட்டால் வழுவழுக்கும்.

ஆகவே ‘கார உலோகம்’ நல்ல பெயர்ப்புதான். உலோகம் என்பதற்குப் பதில் பழஞ்சொல்லைப் போட்டு ‘கார மாழை’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு முன்னதே போதும். ஒரு குழப்பத்தை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் அமிலத்துக்கு எதிரானது காரம், அதில் நீரில் கரைவது எரிகாரம். இலங்கையில் முன்னது மூலம், பின்னதுதான் காரம். இரு கரையிலும் படித்தவர்கள் பேசிக்கொண்டால் சண்டை வர வாய்ப்புண்டு.

இன்னொன்று: இந்த உலோகம் தானே காரம் அல்ல. நீரில் போட்டால் ஹைட்ரஜனை வெளியேற்றி ஹைட்ராக்சைடாகிறது. அந்த ஹைட்ராக்சைடுதான் காரம். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807-இல் லண்டனில் பொட்டாஷ் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வந்தன. நீரைக் குறைத்து, லேசான ஈரத்தோடு செலுத்தியதும் உருண்டையாகப் பொட்டாசியம் வந்தது. மனிதர் ஆய்வகத்தில் துள்ளிக் குதித்தாராம். சில நாளில் சோடியமும் கிடைத்தது.

அணுவின் கடைசிச் சுற்றில் இருக்கும் ஒரே எலக்ட்ரானை எவரிடமாவது தள்ளிவிடத் துடிப்பதே இவற்றின் குணம். வாங்குவது குளோரின் என்றால் சோடியம் மஞ்சளாய் எரிந்து நம் சாப்பாட்டு உப்பாகிறது. ஆக்சிஜனிடம் ஆளுக்கொரு விதம்: காற்றில் எரித்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடு தரும், சோடியம் பெரும்பாலும் ஆக்சிஜன் கூடுதலான பெராக்சைடு, பொட்டாசியம் முதல் கீழே உள்ளவை அதைவிடவும் கூடுதலான சூப்பர் ஆக்சைடு. பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும். சுரங்கத் தொழிலாளர்களின் அவசரச் சுவாசக் கருவியில் அது இருப்பது அதனால்தான்.

நைட்ரஜன் பொதுவாக எதனோடும் சேராத சாது. அறை வெப்பநிலையிலேயே அதனோடு சேர்வது, இந்தக் குடும்பத்திலேயே நிதானமான லித்தியம் மட்டும். அப்புறம், சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாக்கலாம், லித்தியத்தை முடியாது. எண்ணெயை விட லேசானது என்பதால் மேலே மிதந்து காற்றைத் தொட்டுவிடும். மெழுகோ வாசலினோ பூசித்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் விசித்திரம் சீசியம். 28.5 டிகிரியில் உருகிவிடும் இது, எதற்கும் மசியாத தங்கத்துக்கே எலக்ட்ரானைக் கொடுத்து சீசியம் ஆரைடு என்ற சேர்மமாகிறது. அதில் தங்கம் உலோகமாக இல்லை. உப்பில் குளோரின் உட்கார்ந்திருக்கும் இடத்தில், எதிர்மின் அயனியாக உட்கார்ந்திருக்கிறது.